பெயின்டுக்கு அடியில் தண்ணீர்: பழைய கார் பாடி வேலையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது, திருத்துறைப்பூண்டியில் எங்கள் கொட்டகையில் நின்ற மார்க் 2 அம்பாசடரின் கூரைமேல் தென்னை சாய்ந்தது. கூரை நான்கு விரற்கடை உள்ளே போயிருந்தது. வேலைக்குக் கொடுத்த பட்டறை பத்தே நாளில் முடித்துத் தந்தது. முகம் பார்க்கலாம், அப்படி ஒரு பளபளப்பு. அடுத்த ஐப்பசி மழையில் அந்தக் கூரையில் கடுகளவு கொப்புளங்கள் எழும்பின. ஒன்றைக் குண்டூசியால் குத்தினேன். ஒரு சொட்டு நீர் வந்தது. ஓரத்தில் உளியை வைத்து நெம்பினேன். விரல் தடிமனுக்குப் பட்டி (பள்ளம் நிரப்பப் பூசும் பசை), கல்லிலிருந்து எடுத்த ஊத்தப்பம் போல முழுதாகப் பெயர்ந்து வந்தது. அடியில் செந்துரு. தகட்டின் ஒடுக்கை யாரும் முழுதாக எடுக்கவே இல்லை. பள்ளத்தைப் பட்டியால் மெழுகி மேலே வண்ணம் அடித்திருந்தார்கள்.

அந்தக் காரை முழுக்கப் பிரித்து, மன்னார்குடியில் ஒரு பழைய டிங்கரிங் பெரியவரோடு சேர்ந்து மறுபடி செய்ததில் எனக்குத் தெளிவானது ஒன்றுதான். நம் பக்கத்தில் பாடி வேலையில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை பெயின்டுக்கு அடியில் தண்ணீரை அடைத்து வைப்பதில்தான் போய் முடிகின்றன. வாய்க்காலும் வயலும் கடற்காற்றும் சூழ்ந்த ஊரில் இதற்கு மன்னிப்பே கிடையாது.

முதலில் தண்ணீரையே சொல்கிறேன், ஏனென்றால் இதைப் பலரும் தவறாகவே நினைப்பதில்லை. வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்க்கப் பக்கத்துப் போர்வெல்லிலிருந்து ஒரு வாளி பிடித்துக்கொள்வார்கள். நாகப்பட்டினம், வேதாரண்யம், திருத்துறைப்பூண்டி வட்டாரங்களில் பல இடங்களில் நிலத்தடி நீர் உவர். தேய்த்து முடித்ததும் தண்ணீர் உலர்ந்துவிடும், உப்பு உலராது. வண்ணத்துக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சான பிரைமரின் நுண்ணிய கீறல்களில் தங்கிவிடும். பெயின்ட் படலம் கண்ணாடி போலத் தெரிந்தாலும் ஈரத்தை மிக மெதுவாக உள்ளே விடும் தன்மை உடையது. மாவடுவை உப்பில் போட்டுக் குலுக்கி வைத்தால் மறுநாள் ஜாடியில் நீர் விட்டிருக்கும் அல்லவா? மாங்காயின் தோலைத் தாண்டி நீரை வெளியே இழுத்த அதே உப்பு, இங்கே பெயின்டைத் தாண்டி நீரை உள்ளே இழுக்கிறது. அதுதான் கொப்புளம். 20 லிட்டர் குடிநீர் கேன் இரண்டு வாங்கினால் ஒரு காரைத் தேய்த்து முடிக்கலாம். வடித்துச் சேமித்த மழைநீர் இன்னும் நல்லது. தேய்த்தபின் அதே நல்ல நீரால் கழுவி, துணியால் ஒற்றி, இடுக்குகளில் காற்றடித்து, வெயிலில் நன்றாகக் காயவிட வேண்டும். வெறுங்கை வைப்பதும் கூடாது, வியர்வையும் உப்புதான்.

அடுத்து பட்டி. பாலியெஸ்டர் பட்டியில் பெரும்பங்கு டால்க் போன்ற நுண்தூள். காய்ந்த பிறகும் ஈரத்தை உறிஞ்சும். மழைக்காலத்தில் திறந்து வைத்த அப்பளம் போல நமுத்துப்போகும். ஆகவே பட்டியைத் தண்ணீர் தொட்டுத் தேய்க்கவே கூடாது, உலர்ந்த உப்புத்தாள்தான். தடிமன் 3 மில்லிமீட்டருக்குள் நிற்க வேண்டும். அதற்கு மேல் தேவைப்படுகிறது என்றால் தகட்டில் வேலை பாக்கி இருக்கிறது என்று பொருள். சுத்தியலும், தகட்டின் பின்னால் முட்டுக் கொடுக்கும் இரும்புக் கட்டையான டாலியும் எடுத்து மறுபடி உட்கார வேண்டியதுதான். துருவின் மேலும் பழைய பெயின்டின் மேலும் பட்டி நிற்காது. பட்டியை இறுக வைக்கும் ஹார்ட்னர் 100 கிராம் பட்டிக்கு ஏறக்குறைய 2 கிராம். சீக்கிரம் இறுகட்டும் என்று கூட்டிப் போட்டால் மிஞ்சிய ஹார்ட்னர் மேலே ஏறி, வெள்ளைக் காரில் மஞ்சள் கறையாகத் தெரியும்.

தடவிப் பார்ப்பதைப் பெரியவரிடம்தான் கற்றேன். சமமாகிவிட்டது என்று நான் சொன்ன கூரையின் மேல் ஒரு பழைய மல்வேட்டித் துண்டை விரித்தார். “கண்ணை மூடிக்கொண்டு தடவுங்கள் தம்பி, விரல் வேண்டாம், உள்ளங்கை” என்றார். துணிக்கு மேலே கை நீளவாட்டில் வழுக்கிப் போனது. நடுவில் ஓரிடத்தில் கை இறங்கி ஏறியது. கண்ணைத் திறந்தால் அந்த இடத்தில் ஒன்றும் தெரியவில்லை. பெயின்ட் அடித்து வெயிலில் நிறுத்தியிருந்தால் ஊர் முழுக்கத் தெரிந்திருக்கும். விரலால் உப்புத்தாளைப் பிடித்துத் தேய்ப்பதும் இதே பள்ளத்தைத்தான் உண்டாக்கும். கட்டையில் சுற்றித் தேய்க்க வேண்டும். 80ஆம் எண் முரட்டுத் தாளிலிருந்து நேரே 400ஆம் எண் மென்தாளுக்குத் தாவுவது இன்னொரு கெட்ட பழக்கம். 80இன் ஆழக் கீறல்களை 400 அழிக்காது. கீறல்களை நிரப்பிச் சமமாக்கும் பூச்சான சர்ஃபேசர் அவற்றை மூடினாலும், மாதங்கள் கழித்து அது சுருங்கும்போது கோடுகள் மேலே வந்து நிற்கும்.

பிரைமர் அடித்தாயிற்று, இனி மழைக்குப் பயமில்லை என்று வண்டியை வெளியே நிறுத்துகிறார்களே, அதைப் பார்த்தால் எனக்கு மனது பதறுகிறது. ரெட் ஆக்சைடு போன்ற சாதாரண பிரைமரும் சர்ஃபேசரும் நுண்துளை உள்ளவை. ஒரு கார்த்திகை மழை போதும், ஈரம் தகடு வரை இறங்கிவிடும். எபாக்சி பிரைமர்தான் ஈரத்தை நன்றாகத் தடுக்கும். அதைக்கூடச் சுத்தமான வெறுந்தகட்டின் மேல் அடித்தால்தான் பயன். நம் காற்றில் வெறுந்தகடு ஒரே இரவில் செம்பட்டை தட்டும். ஆகவே முழுக் காரையும் சுரண்டிப் போட்டுவிட்டு ஆள் வரக் காத்திருக்காதீர்கள். இன்று எந்தப் பகுதிக்கு எபாக்சி அடித்து முடிக்க முடியுமோ, அந்தப் பகுதியை மட்டும் இன்று சுரண்டுங்கள். துரு போக்கும் அமிலம் தடவினால், டப்பாவில் சொன்னபடி கழுவி உலர்த்தாமல் எபாக்சி அடிக்காதீர்கள். மிஞ்சிய அமிலத்தின் மேல் எபாக்சி பிடிக்காது.

மண்ணெண்ணெயால் துடைப்பதும் கூடாது, அது எண்ணெய்ப் படலத்தை விட்டுப்போகும். மெழுகையும் கிரீஸையும் போக்கும் திரவத்தால் துடைக்க வேண்டும், அதுவும் தேய்ப்பதற்கு முன்பே. தேய்த்த பிறகு துடைத்தால் பழைய பாலிஷின் சிலிக்கோன் அதற்குள் கீறல்களில் இறங்கியிருக்கும். பெயின்ட் அங்கங்கே வட்டமாக விலகி மீன்கண் போல நிற்கும்.

வெட்டி ஒட்டும் வேலையில் ஒரு எச்சரிக்கை. ஸ்டாண்டர்டு ஹெரால்டு காருக்குப் பாடியைத் தாங்கத் தனி இரும்புச் சட்டகம் (சேஸிஸ்) உண்டு. அம்பாசடருக்கு அது கிடையாது. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் 3இன் வழிவந்த அதன் பாடிதான் மொத்தச் சுமையையும் தாங்குகிறது. கதவுகளுக்கு அடியில் நீளவாட்டில் ஓடும் பெட்டிப் பகுதி துருப்பிடித்ததும், கதவுகளைக் கழற்றிவிட்டு, நடுவில் ஒரு ஜாக்கி கொடுத்து வெட்டிவிடுகிறார்கள். பாடி நடுவில் தொய்கிறது. அப்படியே புதுத் தகட்டையும் பற்றவைத்துவிட்டால் அதற்குப் பிறகு கதவு ஜென்மத்துக்கும் சரியாக மூடாது. தரையைச் சமமாகத் தாங்கி, வாசல்களுக்குக் குறுக்கே இரும்புக் குழாய் பற்றவைத்து, ஒரு பக்கம் முடித்த பிறகே மறுபக்கம் தொட வேண்டும். கதவை மாட்டி இடைவெளி பார்த்துக்கொண்டே போங்கள். கேஸ் வெல்டிங்கில் நீளமாக ஓட்டினால் மெல்லிய தகடு வெந்து நெளியும். அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புள்ளி வைத்து, ஆறவிட்டு, இடையை நிரப்ப வேண்டும். பானெட், கூரை போன்ற விரிந்த தகடுகளில் மணலை வேகமாகப் பீய்ச்சித் துரு எடுக்கச் சொல்லாதீர்கள். தகடு நெளிவது ஒருபுறம். ஆற்று மணல் நொறுங்கிப் பறக்கும் சிலிக்காத் தூள் வேலை செய்பவரின் நுரையீரலைத் தின்றுவிடும்.

பழைய பெயின்ட் எந்த வகை என்று தெரியாமல் மேலே அடிக்கக் கூடாது. டிக்கியின் உட்பக்கம் ஓர் ஓரத்தில் என்.சி. தின்னரில் (லாக்கர் பெயின்டைக் கரைக்கும் திரவம்) நனைத்த துணியை வைத்துப் பாருங்கள். வண்ணம் கரைந்து துணியில் வந்தால் லாக்கர். சுருங்கி எழும்பினால் எனாமல். அதன்மேல் லாக்கர் அடித்தால் முழுப் பரப்பும் அப்படித்தான் சுருங்கும். அசையாமல் இருந்தால் ஹார்ட்னர் கலந்து அடித்த வகை.

காலமும் பார்க்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் காற்றின் ஈரம் லாக்கர் மேல் படிந்து வெள்ளை பூக்கும். மார்கழி, தையில் காலைப் பனி. சம்பா அறுவடை நாட்களில் வைக்கோல் தூசி. ஆடியில் காற்று. கத்திரி வெயிலில் தின்னர் வழியிலேயே ஆவியாகிப் பரப்பு சொரசொரக்கும். அறுவடை ஓய்ந்த மாசிக் கடைசியும் பங்குனியும்தான் எனக்குக் கைகொடுத்தன. எந்த மாதமானாலும் கம்பிரஸர் தொட்டியின் அடித்திருகைத் தினமும் திறந்துவிடுங்கள். முதல் நாள் எங்கள் தொட்டியிலிருந்து அரை டம்ளர் பழுப்பு நீர் வந்தது. அது ஸ்பிரே கன் வழியாகக் கூரைக்குப் போயிருக்க வேண்டிய நீர். குழாயில் நீர் பிரிப்பானும் அவசியம்.

ஹார்ட்னர் கலந்த பெயின்டை முகத்தில் கைக்குட்டை கட்டிக்கொண்டு அடிக்கும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். தயவுசெய்து அவர்களைத் தடுத்து நிறுத்துங்கள். அதிலுள்ள ஐசோசயனேட் மூச்சுக்குழாயைக் கெடுத்து ஆஸ்துமா வரவழைக்கும். ஒருமுறை உடம்புக்கு ஒவ்வாமல் போனால் பிறகு சிறிதளவு பட்டாலும் மூச்சுத் திணறும். வெளியிலிருந்து சுத்தமான காற்று வரும் முகமூடிதான் இதற்குச் சரி. பழைய பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும். அதை உலரத் தேய்த்துத் தூசி கிளப்புவதும் ஆபத்து.

கடைசியாக, வடிகால் துளைகள். கதவின் அடிவிளிம்பிலும் பக்கவாட்டுப் பெட்டியிலும் கண்ணாடி வழியே இறங்கும் மழைநீர் வெளியேறத் துளைகள் உண்டு. பட்டியும் தார்ப்பூச்சும் அவற்றை அடைத்துவிடும், யாரும் கவனிப்பதில்லை. பெயின்ட் நன்றாக இறுகிய பிறகு, கண்ணாடி இறங்கும் இடுக்கில் ஒரு செம்பு நல்ல நீர் ஊற்றிவிட்டுக் கீழே குனிந்து பாருங்கள். எங்கள் காரில் மூன்று கதவுகளில் உடனே ஒழுகியது. நான்காவதில் ஒன்றும் வரவில்லை. ஒரு மெல்லிய கம்பியால் குத்தினேன். பட்டித்தூள் கரைந்த வெண்ணீர் என் கையில் வழிந்தது. இரண்டு நாள் காயவைத்து, உள்ளே மெழுகு பீய்ச்சிய பிறகே உள்பலகையை மாட்டினோம்.