மானிட்டருக்குப் போகும் சத்தத்தை ஸ்பீக்கருக்குத் திருப்புவது எப்படி? (விண்டோஸ் 11)

புது மானிட்டரை எச்டிஎம்ஐ கேபிளில் மாட்டியதும் ஸ்பீக்கர் ஊமையாகிவிட்டதா? கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். எச்டிஎம்ஐ, டிஸ்ப்ளேபோர்ட் என்ற இரு வகைக் கேபிளிலும் படத்தோடு ஒலியும் போகும். அதனால் விண்டோஸ் மானிட்டரையும் ஓர் ஒலிக்கருவியாகவே பார்க்கும். சில சமயம் அதையே டீஃபால்ட் (சத்தம் தானாகப் போகும் கருவி) ஆக்கிவிடும். மானிட்டரில் ஸ்பீக்கரே இல்லாமல் ஹெட்போன் துளை மட்டும் இருந்தாலும் இதே கதைதான்.

முதலில் ஒயரைப் பாருங்கள். ஸ்பீக்கர் பின் சிபியு பெட்டியின் பின்புறம் பச்சைத் துளையில் இருக்க வேண்டும். இளஞ்சிவப்பு மைக்குக்கு, நீலம் வெளியிலிருந்து ஒலியை உள்ளே வாங்க. மேசைக்கு அடியில் குனிந்து இருட்டில் செருகும்போது பச்சையும் நீலமும் மாறிப்போவது சகஜம்.

இனி செட்டிங்.

1. ஒரு பாட்டையோ வீடியோவையோ ஓட விடுங்கள். நிறுத்த வேண்டாம்.

2. டாஸ்க்பாரின் வலது மூலையில் உள்ள ஸ்பீக்கர் படத்தில் ரைட் கிளிக் செய்து ‘சவுண்ட் செட்டிங்ஸ்’ போங்கள். அடிவரை இறங்கி ‘மோர் சவுண்ட் செட்டிங்ஸ்’ என்பதை அழுத்தினால் பழைய பாணிச் சின்ன ஜன்னல் திறக்கும்.

3. அதில் ‘பிளேபேக்’ பகுதியில் ஒவ்வொரு கருவிக்கும் பக்கத்தில் ஒரு கோடு தெரியும். எந்தக் கோடு பச்சையாக ஏறி இறங்குகிறதோ, சத்தம் அங்கேதான் போகிறது. மானிட்டர் பெயருக்குப் பக்கத்தில் அது துள்ளினால் திருடன் பிடிபட்டான்.

4. ‘ஸ்பீக்கர்ஸ்’ என்பதைத் தேர்ந்தெடுத்து (கீழே பெரும்பாலும் ஒலிச் சிப்பின் பெயரான ரியல்டெக் என்றிருக்கும்) ‘செட் டீஃபால்ட்’ அழுத்துங்கள். பச்சை டிக் அங்கே வந்ததும் ஓகே.

அந்த பட்டனை ஒட்டிய சிறு அம்புக்குறியில் இரண்டு வகை டீஃபால்ட் உண்டு. ஒன்று பொதுவான ஒலிக்கு, மற்றது அழைப்புகளுக்கு. பாட்டு ஸ்பீக்கரிலும் மீட்டிங் குரல் ஹெட்செட்டிலும் வேண்டுமென்றால் இதில் பிரித்துவிடலாம். தெரியாமல் பிரித்துவிட்டுச் சத்தத்தைத் தேடுபவர்களும் உண்டு.

பட்டியலில் ஸ்பீக்கரே இல்லையா? வெற்றிடத்தில் ரைட் கிளிக் செய்து ‘ஷோ டிசேபிள்ட் டிவைசஸ்’ போடுங்கள். மங்கலாகத் தெரிந்தால் அதன்மேல் ரைட் கிளிக், ‘எனேபிள்’. அப்போதும் வராவிட்டால் ஒலி டிரைவரைத்தான் (ஒலிக்கருவியை விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருள்) மறுபடி நிறுவ வேண்டும்.

எல்லாம் ஒலிக்கிறது, ஒரே ஒரு ஆப் மட்டும் மௌனமா? சவுண்ட் செட்டிங்ஸில் ‘வால்யூம் மிக்சர்’ போய், அந்த ஆப்புக்குத் தனியாக வேறு கருவி கொடுத்திருக்கிறதா பாருங்கள். ஆப் திறந்திருந்தால்தான் அங்கே பெயர் தெரியும். ‘டீஃபால்ட்’ என்று மாற்றியும் பேசவில்லை என்றால் ஆப்பை மூடித் திறங்கள். சில ஆப்கள் தொடங்கும்போது பிடித்த கருவியை விடாது.

அடிக்கடி மாற்றுபவர்களுக்கு இத்தனை தூரம் தேவையில்லை. ஸ்பீக்கர் படத்தைச் சாதாரணமாகக் கிளிக் செய்து, வால்யூம் கோட்டின் வலப்பக்கக் குறியை அழுத்தினால் கருவிகளின் பட்டியல் வந்துவிடும்.

மானிட்டரில் ஒருபோதும் ஒலி கேட்கப் போவதில்லை என்றால், பிளேபேக் பட்டியலில் அதை ‘டிசேபிள்’ செய்துவிடுவதே உத்தமம். கிராபிக்ஸ் டிரைவரை அப்டேட் செய்த மறுநாள் மறுபடி சத்தம் போனால், முதலில் அங்கேதான் பார்க்க வேண்டும்.