தண்டவாளத்துக்குப் பக்கத்தில் கிரேன்: சைட்டில் திரும்பத் திரும்ப நடக்கும் தவறுகள்

கிரேன் வேலைக்குத் திட்டம் போட உட்கார்ந்தால் பேச்செல்லாம் லோடைப் பற்றித்தான் இருக்கும். எத்தனை டன், எங்கே எடுக்கிறோம், எங்கே இறக்குகிறோம், எந்த ஸ்லிங் (லோடைக் கட்டும் கயிறு, பட்டை), யார் சிக்னல் கொடுப்பது. கிரேனே சாய்ந்தால் அதன் பூம், அதாவது நீண்ட கை, எங்கே போய் விழும் என்று கேட்கிற ஆளைப் பார்ப்பது அபூர்வம். பக்கத்தில் ரயில் ஓடுகிற சைட்டில் முதலில் கேட்க வேண்டியதே அதுதான்.

நடுவில் வேலி இருக்கிறது, வேலிக்கு அந்தப் பக்கம் ரயில்வே பாடு, இந்தப் பக்கம் நம் பாடு. இந்த நினைப்புத்தான் மூலத் தவறு, கீழே வரப்போவதில் பாதி இதிலிருந்து முளைத்தது. 40 மீட்டர் பூம் போட்ட கிரேன் தண்டவாளத்திலிருந்து 25 மீட்டர் தள்ளி நிற்கிறது என்றால், ரயில்வே கணக்கில் அது தண்டவாளத்தின் மேலேயே நிற்கிற மாதிரிதான். லோடு ஒருபோதும் அந்தப் பக்கம் திரும்பப் போவதில்லை என்று நீங்கள் சொல்லலாம், ஆனால் விழுகிற கிரேன் நம் டிராயிங்கைப் பார்த்து விழாது. அதனால் சைட் வரைபடத்தை எடுத்து, கிரேன் நிற்கும் புள்ளியை வைத்து, பூமோடு அதன் நுனியில் மாட்டும் ஜிப்பும் சேர்த்து முழு நீளத்துக்கு ஒரு வட்டம் போடுங்கள். வட்டம் தண்டவாளத்தையோ மின்கம்பியையோ தொட்டால் ரயில்வேயிடம் சொல்லாமல் வேலை தொடங்கக் கூடாது. டவர் கிரேன் என்றால் கவுண்டர் வெயிட் (எதிர் எடை) இருக்கும் பின்பக்கக் கைக்கும் ஒரு வட்டம் உண்டு, அதைப் பலரும் மறந்துவிடுவார்கள்.

2023 மே மாதம் தைவானின் தைச்சுங் நகரத்தில் நடந்ததைப் பாருங்கள். மெட்ரோ பாதையை ஒட்டி ஒரு கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது, அந்தக் கிரேனுக்கும் மெட்ரோ வேலைக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. அதன் பூம் பாதை மேல் விழுந்தது. ரயில் அப்போது பக்கத்திலேயே நிலையத்தில் நின்றுகொண்டிருந்தது. தானியங்கி ரயில், எதிரே இரும்பு கிடக்கிறது என்று அதற்குத் தெரியாது, கிளம்பி நேராகப் போய் மோதியது. ஒரு பயணி இறந்தார், பலருக்குக் காயம்.

இங்கேதான் அடுத்த தவறு. பாதையில் ஏதாவது விழுந்தால் சிக்னல் தானாகச் சிவப்பாகிவிடும் என்று நிறைய பேர், நல்ல அனுபவம் உள்ள இன்ஜினியர்கள் உட்பட, நம்பிக்கொண்டிருக்கிறார்கள். ஆகாது. டிராக் சர்க்யூட் என்பது இரண்டு தண்டவாளங்களிலும் சிறு மின்னோட்டத்தை விட்டு, ரயிலின் சக்கரமும் அச்சும் அவற்றை இணைக்கும்போது “இங்கே வண்டி இருக்கிறது” என்று புரிந்துகொள்ளும் ஏற்பாடு. விழுந்த இரும்பு இரண்டு தண்டவாளத்தையும் நன்றாகத் தொட்டு இணைத்தால் ஒருவேளை சிவப்பு விழலாம். ஒரு பக்கம் மட்டும் தொட்டால், துருவின் மேல் படுத்தால், கான்கிரீட் துண்டாக இருந்தால் ஒன்றும் நடக்காது. ஆக்ஸில் கவுன்ட்டர் போட்ட பாதையில் அந்த ஒருவேளையும் இல்லை, ஏனென்றால் அது உள்ளே எத்தனை அச்சு போனது, வெளியே எத்தனை வந்தது என்று எண்ணுவதோடு சரி. நடுவில் மலையே சரிந்து கிடந்தாலும் அதன் கணக்கில் பாதை காலி. சில இடங்களில் பாறை சரிவையோ வெள்ளத்தையோ உணர்கிற கருவிகளைத் தனியாக வைத்திருப்பார்கள், உங்கள் சைட் எதிரே இருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், நீங்களாக இருப்பதாக நினைக்காதீர்கள்.

சரி, டிரைவர் பார்த்து நிறுத்திவிட மாட்டாரா? மணிக்கு 110 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 30 மீட்டர். எமர்ஜென்சி பிரேக் போட்டாலும் நிற்க முக்கால் கிலோமீட்டரிலிருந்து ஒரு கிலோமீட்டருக்கு மேல் வரை ஆகலாம், கனமான சரக்கு ரயிலுக்கு இன்னும் கூடும். வளைவிலோ சுரங்க வாயிலிலோ டிரைவருக்குக் கண்ணில் படுவதே சில நூறு மீட்டர்தான். தைவானிலேயே ஹுவாலியன் அருகே 2021 ஏப்ரல் 2 அன்று இப்படித்தான் நடந்தது, அங்கே விழுந்தது கிரேன் அல்ல, ஒரு லாரி. மேலே சரிவில் வேலை நடந்த இடத்தில் லாரி மாட்டிக்கொள்ள, அதைத் தோண்டும் எந்திரத்தில் பட்டையைக் கட்டி இழுத்தார்கள். பிடி விட்டுப்போய் லாரி உருண்டு தண்டவாளத்தில் விழுந்தது. ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாக அது அங்கே கிடந்திருக்கும், சுரங்கத்திலிருந்து வெளியே வந்த டரோகோ எக்ஸ்பிரஸ் அதன் மேல் மோதியது. 49 பேர் இறந்தார்கள், 200 பேருக்கு மேல் காயம். தோண்டும் எந்திரத்தைக் கிரேன் மாதிரிப் பயன்படுத்துவது, கைக்குக் கிடைத்த பட்டையை மாட்டி இழுத்துப் பார்ப்பது, விடுமுறை நாளில் யாருக்கும் சொல்லாமல் வேலையைத் தொடங்குவது என இதில் இருக்கிற எல்லாமே நாம் வேறு எங்கேயோ பார்த்த பழக்கங்கள்தான்.

அப்புறம் இந்த “பிளாக் வாங்கியாச்சு” என்ற வார்த்தை. பிளாக் என்றால் நம் வேலைக்காக ரயில்வே நிறுத்திக் கொடுக்கும் நேரம். எந்த பிளாக் என்று கேட்டால் பாதிப் பேர் முழிப்பார்கள். ரயில் ஓட்டத்தை நிறுத்துவது வேறு, மேலே போகிற கம்பியில் மின்சாரத்தை நிறுத்துவது வேறு. இரண்டையும் தனித்தனியாக வாங்க வேண்டும், தனித்தனியாக எழுத்தில் உறுதி வர வேண்டும். ரயில் வராது என்று தெரிந்ததும் பூமைத் தூக்கிவிட்டால், 25,000 வோல்ட் கம்பி அங்கேயே இருக்கிறது, தொடக்கூட வேண்டாம், நெருங்கினாலே பாயும். மின்சாரத்தை நிறுத்திவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதும் கம்பி செத்துவிட்டது என்று நினைப்பதும் தப்பு. பக்கத்துப் பாதையின் கம்பியில் மின்சாரம் ஓடிக்கொண்டிருந்தால் அதன் தூண்டலால் இதிலும் ஆளை அடிக்கிற அளவுக்கு மின்னழுத்தம் வரும், அதனால் வேலை செய்யும் இடத்துக்கு இரண்டு பக்கமும் எர்த் மாட்டிய (கம்பியைத் தரையோடு இணைத்த) பிறகுதான் கம்பி செத்ததாகக் கணக்கு.

இரண்டு பாதை உள்ள இடத்தில் ஒன்றுக்கு மட்டும் பிளாக் வாங்கிவிட்டு, கிரேன் திரும்பும்போது அதன் பின்பகுதி அடுத்த பாதைக்குள் நீள்வதைக் கவனிக்காமல் விடுவது இன்னொன்று. திரும்பும் கோணத்தைக் கட்டுப்படுத்துகிற லிமிட்டர் இருந்தால் போட்டு வையுங்கள். பிளாக் முடியப் போகிற கடைசிக் கால் மணி நேரம்தான் எனக்குப் பயம். இன்னும் ஒரு பீஸ்தான், தூக்கி வைத்துவிடலாம் என்று ஒருவர் சொல்ல, மற்றவர்களும் தலையாட்ட, ஸ்லிங்கைச் சரியாகப் பார்க்காமலே ஹூக்கை ஏற்றுவார்கள். எந்த நேரத்துக்குப் பிறகு புதிய லோடு எடுக்கக் கூடாது என்பதை வேலை தொடங்கும் முன்பே எழுதி வைத்துவிட்டால் அந்த விவாதமே வராது.

தரைக்கு வருவோம். கிரேன் சாய்வதில் பெரும்பங்கு இங்கேதான், இதைப் பற்றித்தான் பேச்சும் குறைவு. 50 டன் ரக கிரேன் ஒன்றின் சொந்த எடை ஏறக்குறைய 40 டன் என்று வையுங்கள், தூக்குவது 8 டன். பூம் ஒரு மூலைக்கு நேராக வரும்போது மொத்த எடையில் முக்கால் பங்குவரை அந்த ஒரே அவுட்ரிகரில் (கிரேனைத் தாங்க வெளியே நீட்டும் கால்) இறங்கும் என்று கணக்கு வைப்பது வழக்கம். அதாவது 36 டன். அவுட்ரிகர் பாதம் அரை மீட்டருக்கு அரை மீட்டர் என்றால் சதுர மீட்டருக்கு 144 டன் அழுத்தம், எந்தச் சாதாரண மண்ணும் இதைத் தாங்காது. அதற்கடியில் ஒன்றரை மீட்டர் சதுரத்துக்கு வளையாத கனமான பலகையோ இரும்புத் தகடோ போட்டால் 16 டன்னாக இறங்கிவிடும், நன்றாக இறுகிய மண் அதைத் தாங்கலாம், குழைந்த களிமண் தாங்காது. இரண்டு துண்டு ஸ்லீப்பர் கட்டையைக் குறுக்கே போட்டுவிட்டு “பேக்கிங் கொடுத்தாச்சு” என்பதற்கும் இதற்கும் அவ்வளவு தூரம்.

ஒரு சைட்டில் நானே பார்த்தது. முந்தைய இரவு நல்ல மழை. கிரேன் நிற்கிற இடம் மேலே பார்க்கக் கல்லாக இறுகியிருந்தது. முதல் லோடு தரையைவிட்டு ஒரு முழம் எழும்பியதும் கேபின் பக்கத்து மட்டக் குமிழி மெதுவாக ஒரு ஓரத்துக்கு நகர ஆரம்பித்தது, யாரும் கவனிக்கவில்லை, லோடு கட்டும் ரிக்கர் பையன் ஒருவன்தான் பலகையின் ஓரத்தில் சேற்றுத் தண்ணீர் குமிழி விட்டுக்கொண்டு மேலே வருவதைப் பார்த்துக் கத்தினான். லோடை இறக்கிவிட்டுத் தோண்டிப் பார்த்தால், சில மாதங்களுக்கு முன் கேபிள் போட்டு மூடிய பள்ளம். மேலே ஒரு சாண் ஜல்லி, அதற்குக் கீழே கொட்டிவிட்டு இறுக்காமல் போன மண். தண்டவாளத்தை ஒட்டிய நிலத்தில் சிக்னல் கேபிள், வடிகால், பழைய கல்வெர்ட் என்று இந்த மாதிரி மூடிய பள்ளங்கள் எல்லா இடத்தையும்விட அதிகம். கரையின் விளிம்பும் அப்படித்தான். சரிவு எவ்வளவு ஆழமோ குறைந்தது அவ்வளவு தூரமாவது விளிம்பிலிருந்து தள்ளி அவுட்ரிகர் இருக்க வேண்டும் என்பது பழைய விதி, ஈர மண்ணுக்கு அதுவும் போதாது.

எந்தத் தூரத்தில் எத்தனை டன் தூக்கலாம் என்று சொல்லும் லோடு சார்ட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, எல்லோருக்கும் தெரியும், எல்லோரும் மீறுகிறார்கள். 50 டன் கிரேன் 50 டன் தூக்குவது 3 மீட்டர் ரேடியஸில் (கிரேன் நடுவிலிருந்து ஹூக் வரை உள்ள தூரம்), 20 மீட்டருக்குப் போனால் சில டன்தான். ஹூக், ஸ்லிங், லோடைப் பரத்திப் பிடிக்கும் ஸ்ப்ரெடர் எடையும் லோடுதான். பழைய பாலத்தின் கர்டரை (உத்தரத்தை) எடுக்கும்போது டிராயிங்கில் உள்ள எடையை நம்பாதீர்கள், வெட்டாமல் விட்ட ஒரு போல்ட் போதும். ஓவர்லோடு அலாரம் கத்துகிறது என்று சாவியைத் திருப்பி பைபாஸில் போடுகிறவர், அந்த இடத்தில் ரயில் ஓடுகிறது என்பதை நினைத்துப் பார்த்திருப்பாரா என்றுதான் எனக்குத் தோன்றும்.

காற்று விஷயத்தில் கணக்கு நம் உள்ளுணர்வுக்கு எதிரானது. வேகம் இரண்டு மடங்கானால் தள்ளுகிற விசை நான்கு மடங்கு. வேலை நேரத்தில் காற்றைப் பார்க்கிறவர்கள், சாயங்காலம் கிரேனை அப்படியே விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். டவர் கிரேன் என்றால் காற்றடிக்கும் பக்கம் தானாகத் திரும்பும்படி பிரேக்கை விடுவித்துவிட்டுத்தான் இறங்க வேண்டும், தண்டவாளப் பக்கம் போய்விடக் கூடாதே என்று பூட்டி வைப்பது நல்ல எண்ணம்தான், ஆனால் கிரேனையே சாய்த்துவிடும். அந்தத் திசையில் திரும்ப விட முடியாத இடம் என்றால் அங்கே அந்தக் கிரேனை நிறுத்தியதே தவறு. பிரிக்கும்போது அவசரமும் ஆபத்து: 2019 ஏப்ரலில் சியாட்டிலில் டவர் கிரேனைப் பிரித்த குழு, இணைப்புப் பின்களை முன்கூட்டியே கழற்றிவைத்திருந்தது, ஒரு பலத்த காற்று வந்தது, கிரேன் சாலையில் விழுந்து நான்கு பேர் இறந்தார்கள்.

பாலம் கட்டும்போது தூண்களின் மேல் நின்று கர்டரைத் தூக்கி வைக்கிற லாஞ்சிங் கேன்ட்ரியைத் தனியாகச் சொல்ல வேண்டும். கர்டரைத் தூக்கும்போது எல்லோரும் உஷாராக இருப்பார்கள், தூக்கி வைத்தபின் கேன்ட்ரி தானே அடுத்த தூணுக்கு நகர்கிறபோதுதான் நங்கூரங்கள் கழன்று அது பலவீனமாக இருக்கும். 2025 மார்ச் 23 இரவு அகமதாபாத் அருகே வட்வாவில், புல்லட் ரயில் பாதைக்கான கேன்ட்ரி ஒன்று கர்டரை வைத்து முடித்துப் பின்வாங்கும்போது இடம் நழுவியது. உயிர்ச்சேதம் இல்லை, ஆனால் பக்கத்து ரயில் பாதை பாதிக்கப்பட்டுப் பல ரயில்கள் ரத்தாயின. லோடு இல்லாத நகர்வுக்கும் பிளாக் கேளுங்கள், கீழே ரயில் ஓடட்டும், நாம் நகர்த்தத்தானே செய்கிறோம் என்று தொடங்காதீர்கள்.

இத்தனைக்குப் பிறகும் விழுந்துவிட்டால்? முதல் போன் முதலாளிக்குப் போகும், இரண்டாவது கிரேன் கம்பெனிக்கு. ரயில்வேக்கு யாராவது சொல்லியிருப்பார்கள் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருப்பார்கள். முதல் போன் ரயில்வே கண்ட்ரோல் அறைக்குப் போக வேண்டும், எந்தக் கிலோமீட்டர் கல்லுக்கும் எந்தக் கல்லுக்கும் நடுவில், எத்தனை பாதை அடைபட்டது என்று ஒரே மூச்சில் சொல்ல வேண்டும். அதே நேரம் இரண்டு திசையிலும் ஆள் ஓட வேண்டும், சிவப்புக் கொடி இருந்தால் கொடி, இல்லையென்றால் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தண்டவாளத்துக்கு நடுவில் அல்ல, ஓரமாக. பூம் கம்பியில் பட்டிருந்தால் ஆபரேட்டர் கேபினைவிட்டு இறங்கக் கூடாது, மற்றவர்கள் கிரேனைத் தொடக் கூடாது. பொறி அடங்கிவிட்டது, மின்சாரம் போய்விட்டது என்று நினைப்பீர்கள், ஆனால் சப்ஸ்டேஷனில் பிரேக்கர் சில நொடிகளில் திரும்ப மூடிக்கொள்ளலாம். தீப்பிடித்து இறங்கியே ஆக வேண்டும் என்றால் கிரேனையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடாமல் இரண்டு காலையும் சேர்த்துக் குதித்து, காலைத் தூக்காமல் தரையோடு தேய்த்துத் தேய்த்து விலக வேண்டும்.

கண்ட்ரோல் அறை எண்ணைக் கேபினிலும் சிக்னல்மேன் போனிலும் வையுங்கள், வைத்ததோடு விடாமல் மாதம் ஒருமுறை கூப்பிட்டும் பாருங்கள். ஒரு சைட்டில் கேபின் கண்ணாடியில் ஒட்டியிருந்த எண்ணுக்கு நான் அடித்துப் பார்த்தேன். எடுத்தவர் முந்தைய ஒப்பந்தக்காரரின் ஸ்டோர் கீப்பர், வேலை மாறி ஒரு வருடம் ஆகிறதாம்.