பச்சை இலைப் பட்டியலை ஏ4 தாளில் அடக்கி அச்சிடும் முறை

கோத்தகிரி, குன்னூர் பகுதிகளில் சிறு விவசாயிகளிடமிருந்து பச்சைத் தேயிலை வாங்குவோர் வைத்திருக்கும் மாதப் பட்டியல் அகலமானது. இடப்பக்கம் எண்ணும் பெயரும், அடுத்து 1 முதல் 31 வரை தேதிகளும், கடைசியில் மொத்தக் கிலோவுமாக 34 நெடுவரிசைகள் வரும். எக்செலில் இதை நிரப்பி அப்படியே அச்சுக்குக் கொடுத்தால், பெயர் ஒரு தாளிலும் 20ஆம் தேதி எடை வேறு தாளிலுமாகச் சிதறிவிடும்.

முதலில் தாளை முடிவு செய்யுங்கள். 'பேஜ் லேஅவுட்' பகுதியில் 'சைஸ்' என்பதை அழுத்தி ஏ4 தேர்ந்தெடுங்கள். சில கணினிகளில் அமெரிக்க 'லெட்டர்' அளவு இருக்கும், அது ஏ4-ஐ விட 18 மி.மீ. நீளம் குறைந்தது. பிறகு 'ஓரியன்டேஷன்' என்பதில் 'லேண்ட்ஸ்கேப்', 'மார்ஜின்ஸ்' என்பதில் 'நேரோ' எனக் கொடுங்கள். 297 மி.மீ. அகலத்தில் இருபக்க ஓரமும் போக ஏறக்குறைய 284 மி.மீ. கிடைக்கும். எண்ணுக்கு 12, பெயருக்கு 40, மொத்தத்துக்கு 20 என ஒதுக்கினால், மீதியில் ஒவ்வொரு தேதிக்கும் 6.8 மி.மீ. வரும், 9 புள்ளி எழுத்தில் மூன்று இலக்க எடை எழுத அது போதும். தாளை நெட்டுவாக்கில் வைத்தால் தேதிக்கு 4 மி.மீ. மட்டுமே மிஞ்சும் என்பதால், அந்த யோசனையே வேண்டாம்.

இந்த அளவுகளைப் பொருத்த, 'வியூ' பகுதியில் 'பேஜ் லேஅவுட்' காட்சிக்கு மாறுங்கள். சாதாரணக் காட்சியில் நெடுவரிசையின் அகலம் எழுத்துக் கணக்கில் இருக்கும். இங்கோ சென்டிமீட்டரில் தெரியும். சி முதல் ஏஜி வரையுள்ள தேதி நெடுவரிசைகளைத் தேர்ந்தெடுத்து, வலது கிளிக்கில் 'காலம் விட்த்' சென்று 0.68 எனக் கொடுங்கள். எடைக்குப் பதிலாக #### தெரிந்தால் தாளிலும் அப்படியேதான் விழும். எழுத்தை 8 புள்ளியாகக் குறைத்துப் பாருங்கள்.

அடுத்து 'ஸ்கேல் டு ஃபிட்'. புதியவர்கள் பெரும்பாலும் இடறுவது இங்கேதான். 'விட்த்' 1 பேஜ் என்றும் 'ஹைட்' (உயரம்) ஆட்டோமேட்டிக் என்றும் வையுங்கள். இரண்டையும் 1 ஆக்கினால், நூறு பேர் கொண்ட பட்டியலும் ஒரே தாளுக்குள் சுருங்கி, கண்ணாடி போட்டவருக்கும் படிக்க முடியாதபடி ஆகிவிடும். பட்டியல் மூன்று தாள் போனால் போகட்டும். அகலம் உடையாமல் இருப்பதே முக்கியம்.

இரண்டாம் தாளிலும் தேதி வரிசை தலைப்பாக வர, 'பிரிண்ட் டைட்டில்ஸ்' திறந்து, 'ரோஸ் டு ரிப்பீட் அட் டாப்' பெட்டியில் தலைப்பு வரிகளைத் தேர்ந்தெடுங்கள். அச்சு முன்னோட்டத்திலிருந்து 'பேஜ் செட்டப்' திறந்தால் இந்தப் பெட்டி மங்கி, வேலை செய்யாது. 'பேஜ் லேஅவுட்' வழியாகவே போக வேண்டும். அங்கேயே 'கிரிட்லைன்ஸ்' என்பதன் கீழ் 'பிரிண்ட்' குறியிட்டால் கட்டக் கோடுகள் தாளில் விழும்.

ஓரத்தில் நீங்கள் போட்டுவைத்த முன்பணக் குறிப்புகள் அச்சாகாமல் இருக்க, பட்டியலை மட்டும் தேர்ந்தெடுத்து 'பிரிண்ட் ஏரியா', 'செட் பிரிண்ட் ஏரியா' எனக் கொடுங்கள். பின்னர் கடைசி வரிக்குக் கீழே புதிய விவசாயியைச் சேர்த்தால் அவர் இந்த எல்லைக்குள் வரமாட்டார். ஆகவே நடுவில் வரி செருகுவதே நல்லது.

கன்ட்ரோல் பி அழுத்தி எல்லாத் தாள்களையும் ஒருமுறை பார்த்த பிறகு அச்சிடுங்கள். நம் மலையில் மழைக்காலத்துத் தாள் ஈரம் இழுத்து பிரிண்டரில் சிக்கும். தாள் கட்டை அதன் உறையோடு மூடி வையுங்கள்.

அடுத்த மாதத்துக்குப் புதிய ஷீட் தொடங்காமல், ஷீட் பெயரில் வலது கிளிக் செய்து, 'மூவ் ஆர் காப்பி'யில் 'கிரியேட் எ காப்பி' குறியிட்டால் இந்த அமைப்புகள் எல்லாம் கூடவே வரும். 30 நாள் மாதமென்றால் 31ஆம் தேதி நெடுவரிசையை அழிக்காமல், வலது கிளிக்கில் 'ஹைட்' (Hide) கொடுத்து மறைத்துவிடுங்கள். மறைத்தது அச்சில் வராது.