புதுப் படகு டெலிவரி எடுக்கும்முன் என்னென்ன பார்க்க வேண்டும்

புதுசுதானே, என்ன குறை இருக்கப்போகிறது என்று நினைத்துக்கொண்டு டீலரிடம் போகாதீர்கள். கார் தொழிற்சாலையை விட்டு வரும்போதே முழுதாக வந்துவிடுகிறது, படகு பல நேரம் அரைகுறையாகத்தான் வருகிறது. அவுட்போர்டு என்ஜினை (பின்சுவரில் வெளியே தொங்கும் என்ஜின்) மாட்டுவது, பேட்டரி வைப்பது, ரேடியோவுக்கும் ஜி.பி.எஸ்ஸுக்கும் ஆழம் காட்டும் எக்கோ சவுண்டருக்கும் வயர் இழுப்பது எல்லாம் பெரும்பாலும் டீலரின் பட்டறையில், வேலை குவிந்து கிடக்கிற ஏதோ ஒரு நாளில் நடப்பவை. கோளாறுகளில் பாதி அங்கேதான் பிறக்கின்றன.

வரிசை முக்கியம். முதலில் தரையில் பார்ப்பது, அப்புறம் தண்ணீரில் ஓட்டுவது, அதற்கப்புறம் குறைகளைச் சரிசெய்ய வைப்பது, எல்லாம் முடிந்த பிறகுதான் பாக்கிப் பணமும் கையெழுத்தும். பாக்கி உங்கள் கையில் இருக்கிறவரை ஒரு ஸ்க்ரூவுக்குக்கூட ஓடி வருவார்கள், கொடுத்த மறுநாள் அதே ஸ்க்ரூவுக்கு நாலு முறை போன் செய்ய வேண்டியிருக்கும். தண்ணீரில் ஓட்டிப் பார்த்த பிறகே ஏற்றுக்கொள்வேன் என்பதை முன்பணம் கொடுக்கும்போதே ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிவிடுங்கள். டெலிவரி அன்று கேட்டால் “அதெல்லாம் நாங்களே ஓட்டிப் பார்த்தாச்சு” என்ற பதில்தான் வரும்.

பகல் வெளிச்சத்தில், அரை நாளாவது ஒதுக்கிக்கொண்டு போங்கள். டார்ச், மல்டிமீட்டர், ஒரு வாளி, நோட்டு போதும். குடும்பத்தைக் கூட்டிப்போக வேண்டாம் என்பது என் கட்சி. எல்லோரும் ஏறி உட்கார்ந்து போட்டோ எடுக்க ஆரம்பித்துவிட்டால் அடித்தளத்தைத் திறந்து பார்க்க யாருக்கு மனசு வரும்? பெரிய படகு, பெரிய தொகை என்றால் டீலருக்குச் சம்பந்தமில்லாத ஒரு சர்வேயரை, அதாவது படகைப் பரிசோதித்துச் சொல்லும் நிபுணரை, வைத்துக்கொள்ளுங்கள், அதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

முதல் வேலை, எண்களைச் சரிபார்ப்பது. படகின் பின்பக்கம் வலது மேல் மூலையில் அடையாள எண் பொறித்திருக்கும். அமெரிக்க முறையில் அது 12 இடங்கள் கொண்டது, முன்னால் நாட்டுக் குறியீடும் சேர்ந்தால் 14. கடைசி இரண்டு இலக்கங்கள் மாடல் ஆண்டு, ஆகவே இந்த வருடத்து மாடல் என்று சொல்லிப் போன வருடத்துச் சரக்கைத் தள்ளுகிறார்களா என்பது அங்கேயே தெரிந்துவிடும். என்ஜின், டிரெய்லர் எண்களையும் காகிதத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு எழுத்து மாறியிருந்தாலும் பின்னால் பதிவிலும் வாரண்டியிலும் அலைச்சல்.

ஃபைபர் உடலை நேராக நின்று பார்த்தால் எல்லாம் பளபளப்பாகத்தான் தெரியும். குனிந்து, பக்கவாட்டில் கண்ணை வைத்து, வெளிச்சம் சறுக்கிப் போகிற கோணத்தில் பாருங்கள். மேல்பூச்சில் சிலந்தி வலை மாதிரி மெல்லிய விரிசல் இருந்தால் அந்த இடத்தில் அடி பட்டிருக்கலாம், அல்லது அந்த இடம் வளைந்து கொடுக்கிறது. கயிறு கட்டும் கொக்கிகளின் அடி, மூலைகள், என்ஜின் மாட்டியிருக்கும் பின்சுவர் ஆகிய இடங்களில் அப்படி இருந்தால் விடாதீர்கள், காரணம் சொல்லச் சொல்லுங்கள். லேசான கீறல், நிறமாற்றம் போன்றவற்றை எழுதி மட்டும் வைத்துக்கொண்டு நகர்ந்துவிடலாம். செருப்பைக் கழற்றிவிட்டுத் தளம் முழுக்க நடந்து பாருங்கள், எங்காவது மெத்தென்று அமுங்கினால் பாதத்துக்குத் தெரியும். கைப்பிடிக் கம்பிகளை உடம்பின் பலம் முழுவதும் கொடுத்து இழுங்கள்.

இப்போது மூடிகளைத் திறந்து அடிவயிற்றைப் பாருங்கள், பில்ஜ் என்பார்களே அதை. புதுப் படகின் பில்ஜில் ஃபைபர் துருவல், வயர் துண்டு, பிளாஸ்டிக் கட்டு, மரத்தூள் எல்லாம் கிடப்பது சகஜம். அழுக்கு என்பதைவிட, இவை பம்பின் வாயில் போய் அடைத்துக்கொள்ளும் என்பதுதான் பிரச்சினை. சுத்தம் செய்து தரச் சொல்லுங்கள். அப்புறம் வாளியால் தண்ணீர் ஊற்றி பம்ப் தானாகவே ஓடுகிறதா என்று பாருங்கள். சுவிட்சைப் போட்டு “உர்ர்” சத்தம் கேட்டதும் தலையாட்டிவிடக் கூடாது. நான் வாங்கிய படகில் சத்தம் அழகாக வந்தது, ஆனால் வெளியே சொட்டுதான் விழுந்தது. பிளஸ், மைனஸ் மாற்றிக் கொடுத்திருந்ததால் பம்ப் தலைகீழாகச் சுற்றிக்கொண்டிருந்தது. வாளி கொண்டுபோகாமல் இருந்திருந்தால் அது எப்போது தெரிந்திருக்குமோ! மெயின் சுவிட்சை அணைத்த பிறகும் மிதவை சுவிட்ச் பம்பை ஓட்டுகிறதா என்பதையும் பாருங்கள். யாரும் இல்லாமல் கட்டிக் கிடக்கும் படகை மழையிலிருந்து காப்பாற்றப்போவது அதுதான்.

நீர்மட்டத்துக்குக் கீழே உடலைத் துளைத்துப் போகும் ஒவ்வொரு குழாய்க்கும் இரண்டு கிளாம்ப் இருந்தால் நல்லது, இரண்டும் இறுக்கமாக இருக்க வேண்டும். வால்வுகளைக் கையாலேயே திறந்து மூட முடிய வேண்டும்.

மின்சாரத்தில் எல்லா சுவிட்சையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். இரவில் ஓட்டும்போது எரியும் விளக்குகள் இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை, பின்னால் வெள்ளை. சிவப்பும் பச்சையும் இடம் மாறியிருந்தால் இரவில் எதிரே வருகிறவர் நீங்கள் போகும் திசையையே தப்பாகப் படிப்பார். நன்றாகச் சார்ஜ் ஆன பேட்டரி, என்ஜின் ஓடாதபோது 12.6 வோல்ட்டை ஒட்டிக் காட்டும், ஓடும்போது 14-ஐ ஒட்டி ஏற வேண்டும். ஏறவில்லையா, சார்ஜ் ஆகவில்லை. பேட்டரியைக் கையால் அசைத்துப் பாருங்கள், ஆடக் கூடாது.

எரிபொருள் டேங்கை முழுக்க நிரப்பச் சொல்லுங்கள், செலவு உங்களுடையதாக இருந்தாலும் சரி. அரை டேங்கில் கசியாத இணைப்புகள், முக்கியமாக டேங்கின் மேல்பக்கத்தில் இருப்பவை, நிறைந்தால்தான் கசியும். மூக்குதான் இங்கே நல்ல கருவி, பெட்ரோல் வாடை துளி அடித்தாலும் ஸ்டார்ட் செய்யாதீர்கள். உள்ளே வைத்த பெட்ரோல் என்ஜின் என்றால் ஸ்டார்ட்டுக்கு முன் 4 நிமிடம் புளோயர் (பெட்ரோல் ஆவியை வெளியே தள்ளும் விசிறி) ஓட வேண்டும். வெளியேறும் துளையில் கையை வைத்து, காற்று நிஜமாகவே வருகிறதா என்று பாருங்கள்.

சரி, தண்ணீருக்குப் போகலாம். வடிகால் அடைப்பான் மாட்டியிருக்கிறதா என்று நீங்களே பார்த்துவிட்டு இறக்குங்கள். இறக்கியதும் ஓட்டாமல் பத்து நிமிடம் சும்மா மிதக்கவிட்டு பில்ஜைப் பாருங்கள். அவுட்போர்டு ஸ்டார்ட் ஆனதும் பின்னாலிருந்து குளிர்விப்புத் தண்ணீர் கோடுபோல் பீய்ச்ச வேண்டும். கியரில் இருக்கும்போது சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட் ஆகக் கூடாது. ஓட்டுபவர் உடம்போடு மாட்டிக்கொள்ளும் பாதுகாப்புக் கயிற்றை இழுத்தால் என்ஜின் உடனே நிற்க வேண்டும். ஸ்டீயரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை திருப்பிப் பாருங்கள்.

முழு வேகச் சோதனைதான் பலரும் கோட்டைவிடுகிற இடம். முழு திராட்டிலில் என்ஜின் எத்தனை ஆர்.பி.எம். தொட வேண்டும் என்று கையேட்டில் ஒரு வரம்பு இருக்கும், உதாரணமாக 5000 முதல் 6000 வரை. வழக்கமான ஆட்களையும் சுமையையும் ஏற்றிக்கொண்டு ஓட்டும்போது 4600-லேயே நின்றுவிட்டால், பெரும்பாலும் புரொபெல்லரின் பிட்ச் (ஒரு சுற்றில் அது முன்னேற வேண்டிய தூரம்) அதிகம். பிட்ச் ஒரு அங்குலம் குறைந்தால் ஏறக்குறைய 150 முதல் 200 ஆர்.பி.எம். கூடும். வேறு புரொபெல்லர் மாட்டித் தரச் சொல்வதற்கு இதுதான் நேரம். ஆனால் புது என்ஜினை முதல் சில மணிநேரம் பழக்க வேண்டும் என்பதால், முழு வேகத்தை எப்போது, எவ்வளவு நேரம் கொடுக்கலாம் என்று கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். வேகம் ஏறும்போது எக்கோ சவுண்டரில் ஆழம் காணாமல் போகிறதா என்பதையும் கவனியுங்கள். அப்படியென்றால் அடியில் அதன் சென்சாரைக் குமிழி ஓடும் இடத்தில் மாட்டியிருப்பார்கள். ரேடியோவை வேறொரு நிலையத்தோடு பேசிச் சோதியுங்கள், ஆனால் சேனல் 16-ல் வேண்டாம், அது ஆபத்து அழைப்புக்கு உரியது.

கரைக்கு வந்ததும் பில்ஜை மறுபடி திறங்கள். ஓட்டத்தில் அதிர்ந்த பிறகு கசியும் இணைப்புகள் இப்போதுதான் காட்டிக்கொடுக்கும்.

கண்ட குறைகளையெல்லாம் ஒரே தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் போட்டோ எடுத்து, எதை எந்தத் தேதிக்குள் முடிப்பார்கள் என்று டீலரிடம் கையெழுத்து வாங்குங்கள். வாய்வார்த்தை வேண்டாம். படகு, என்ஜின், மின்னணுக் கருவிகளுக்கு வாரண்டி பெரும்பாலும் தனித்தனி. மூன்றும் உங்கள் பெயரில், விற்பனைத் தேதியோடு பதிவாகிவிட்டதற்கு ஆதாரம் கேளுங்கள். பெரிய குறை பாக்கி இருந்தால் படகை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள், “எடுத்துட்டுப் போங்க, அடுத்த வாரம் வந்து பார்க்கிறோம்” என்பதற்கு மசியாதீர்கள்.

டிரெய்லரில் இழுத்துக்கொண்டு போவதானால் விளக்குகள், டயர் காற்று, படகை டிரெய்லரோடு இழுத்துப் பிடிக்கும் வின்ச் பட்டை எல்லாவற்றையும் கிளம்பும்முன் பாருங்கள். டயரின் பக்கத்தில் இருக்கும் நாலு இலக்கம் அது தயாரான வாரமும் ஆண்டும். 50 கிலோமீட்டர் போனதும் நிறுத்திச் சக்கர நட்டுகளை ஒருமுறை இறுக்கிவிடுங்கள், சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்பையும் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் பேரிங்கில் கோளாறு இருக்கலாம், மேலே இழுக்காமல் அங்கிருந்தே டீலருக்குப் போன் போடுங்கள்.