தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி ஆசிரியர் ஆவது எப்படி? பயிற்சிப் படிப்பு முதல் தலைமையாசிரியர் நாற்காலி வரை

"பி.எட். முடிச்சாச்சு, டெட்டும் பாஸ். வேலை மட்டும் ஏன் வரல?" ஆசிரியர் வேலைக்கு முயற்சி செய்கிறவர்கள் வீட்டில் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. தகுதி பெறுவது வேறு, பணி நியமனம் வேறு என்பதை யாரும் ஆரம்பத்திலேயே எடுத்துச் சொல்லாததால் வரும் குழப்பம். தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி வேலைக்குப் பயிற்சிப் படிப்பு, தகுதித் தேர்வு (டெட் என்பது இதுதான்), நியமனத் தேர்வு என்று மூன்று கட்டங்கள் இருக்கின்றன. கடைசி இரண்டையும் ஆசிரியர் தேர்வு வாரியமே, அதாவது டி.ஆர்.பி.யே நடத்துவதால் இரண்டும் ஒன்றுதான் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்காக ஒவ்வொரு படியாகப் பார்ப்போம்.

படி 1: எந்த வகுப்புக்கு என்று முதலில் முடிவு செய்யுங்கள்

கல்லூரியில் சேர்வதற்கு முன்பே எடுக்க வேண்டிய முடிவு இது. 1 முதல் 5 வரை பாடம் எடுப்பவர் இடைநிலை ஆசிரியர். 6 முதல் 10 வரை பட்டதாரி ஆசிரியர். ஆசிரியர் அறையில் 'பி.டி.' என்பார்கள். 11, 12 வகுப்புகளுக்கு முதுகலை ஆசிரியர், அதாவது 'பி.ஜி.'.

அடிப்படைச் சம்பளம் முறையே ரூ.20,600, ரூ.36,400, ரூ.36,900 என்று தொடங்குகிறது. இதற்கு மேல் அகவிலைப்படி முதலியவை சேரும். முதல் எண்ணுக்கும் இரண்டாவதற்கும் உள்ள இடைவெளியைக் கவனியுங்கள். 2009 ஜூனுக்குப் பிறகு பணியில் சேர்ந்த இடைநிலை ஆசிரியர்கள் 'சம வேலைக்குச் சம ஊதியம்' என்று ஆண்டுக்கணக்கில் போராடி வருவது சும்மா இல்லை. சின்னப் பிள்ளைகளோடு இருப்பது உண்மையிலேயே பிடிக்கும் என்றால் தாராளமாக இந்தப் பக்கம் வாருங்கள். பி.எட்.டை விட எளிது என்று நினைத்து மட்டும் வராதீர்கள்.

படி 2: அந்த வகுப்புக்கு உரிய படிப்பு

இடைநிலை ஆசிரியர் ஆவதற்குப் பிளஸ் டூவுக்குப் பிறகு இரண்டு ஆண்டு தொடக்கக் கல்விப் பட்டயப் பயிற்சி படிக்க வேண்டும். பிளஸ் டூவில் 50 சதவீத மதிப்பெண் தேவை, எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 45. அரசு சார்பில் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்கள், எல்லோரும் 'டயட்' என்று சொல்பவை, இதை நடத்துகின்றன.

"டிகிரியும் பி.எட்.டும் இருக்கிறதே, ஒன்றாம் வகுப்புக்குப் போதாதா?" போதாது. பி.எட். படித்தவர்களையும் தொடக்க வகுப்புகளுக்கு அனுமதித்துத் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2018இல் ஓர் அறிவிக்கை வெளியிட்டது. உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் அதை ரத்து செய்துவிட்டது. ஐந்தாம் வகுப்பு வரை பட்டயப் பயிற்சிதான்.

பட்டதாரி ஆசிரியருக்கு இளநிலைப் பட்டமும் பி.எட்.டும் வேண்டும். பி.எட். 2015 முதல் இரண்டு ஆண்டுப் படிப்பு. தமிழ்நாட்டில் இதில் சேர, பட்டப் படிப்பில் பொதுப் பிரிவினருக்கு 50 சதவீதம், பி.சி.க்கு 45, எம்.பி.சி.க்கு 43, எஸ்.சி., எஸ்.டி.க்கு 40 என்று குறைந்தபட்ச மதிப்பெண் வைத்திருக்கிறார்கள். முதுகலை ஆசிரியருக்கு இவற்றோடு முதுகலைப் பட்டமும் தேவை. எம்.எட். பள்ளி வேலைக்குக் கட்டாயமில்லை. படித்தால் நல்லது, ஆனால் அது இல்லாததால் யாரையும் ஒதுக்க மாட்டார்கள்.

இந்தப் படியில்தான் நிறையப் பேர் தெரியாமல் மாட்டிக்கொள்கிறார்கள். அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

முதலாவது, படித்த வரிசை. பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, மூன்றாண்டுப் பட்டம் என்ற வரிசையில்தான் படித்திருக்க வேண்டும். பிளஸ் டூ இல்லாமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாக வாங்கிய பட்டம் மற்ற பல இடங்களில் உதவலாம், இங்கே உதவாது.

இரண்டாவது, பட்டத்தின் பெயர். மாணவர்களைக் கவர்வதற்காகக் கல்லூரிகள் பாடங்களுக்குப் புதுப் புதுப் பெயர்கள் வைக்கின்றன. உங்கள் சான்றிதழில் வெறும் 'கணிதம்' என்று இல்லாமல் 'பயன்பாட்டுக் கணிதம்' என்பது போல ஏதாவது இருந்தால், அது கணிதத்துக்கு இணையானது என்று சொல்லும் அரசாணை இருக்கிறதா என்று பாருங்கள். இணைத்தன்மை அரசாணை இல்லாவிட்டால் தேர்வில் எவ்வளவு மதிப்பெண் எடுத்தாலும் சான்றிதழ் சரிபார்ப்பில் நிறுத்திவிடுவார்கள். இதைச் சேர்வதற்கு முன்பே கல்லூரியில் கேளுங்கள். "அதெல்லாம் பிரச்சினை வராது சார்" என்ற பதிலை நம்பாதீர்கள். அரசாணை எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

மூன்றாவது, முதுகலை ஆசிரியர் பணிக்கு இளநிலையும் முதுநிலையும் ஒரே பாடமாக இருக்க வேண்டும். இயற்பியலில் பி.எஸ்சி. முடித்துவிட்டு ஆர்வத்தில் ஆங்கிலத்தில் எம்.ஏ. படித்தவர், அந்த எம்.ஏ.வை வைத்து ஆங்கில முதுகலை ஆசிரியராக முடியாது.

நான்காவது, அஞ்சல் வழி பி.எட். வேலை பார்த்துக்கொண்டே தபாலில் படித்துவிடலாம் என்று விளம்பரம் வரும். ஏற்கெனவே தொடக்கக் கல்விப் பயிற்சி முடித்தவர்களுக்கும் பணியில் இருப்பவர்களுக்கும் உரிய வழி அது. புதிதாகப் பட்டம் வாங்கியவர்கள் நேரடியாகக் கல்லூரிக்குப் போய்த்தான் படிக்க வேண்டும். கல்லூரிக்குத் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் அங்கீகாரமும் தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தின் இணைப்பும் இருக்கின்றனவா என்று பார்த்த பிறகு பணம் கட்டுங்கள்.

படி 3: ஆசிரியர் தகுதித் தேர்வு

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தைத் தொடர்ந்து வந்ததுதான் டெட். 1 முதல் 5 வரைக்குத் தாள் 1, 6 முதல் 8 வரைக்குத் தாள் 2. இரண்டுமே 150 கேள்விகள், 150 மதிப்பெண்கள், மூன்று மணி நேரம். தவறான விடைக்கு மதிப்பெண் கழிக்க மாட்டார்கள், அதனால் எந்தக் கேள்வியையும் விடாதீர்கள்.

தாள் 1இல் குழந்தை மேம்பாடும் கற்பித்தலும், தமிழ், ஆங்கிலம், கணிதம், சூழ்நிலையியல் என ஐந்து பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் 30. தாள் 2இல் முதல் மூன்றும் அப்படியே. மீதி 60 மதிப்பெண்களுக்கு நீங்கள் கணிதமும் அறிவியலும் அல்லது சமூக அறிவியல் எழுதலாம். கேள்விகள் தொடக்க, நடுநிலை வகுப்புப் பாடங்களிலிருந்தே வந்தாலும் கடினம் அதற்கு மேலே போகும். அதனால் பள்ளிப் பாடநூல்களை இரண்டு மூன்று வகுப்புகள் மேலே வரை சேர்த்துப் படியுங்கள். கைடுகளை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். குழந்தை வளர்ச்சியை ஆராய்ந்த உளவியலாளர்களான பியாஜே, வைகாட்ஸ்கி, கோல்பர்க் மூவரையும் பெயர் அளவில் மனப்பாடம் செய்தால் போதாது; 'இந்தக் குழந்தை இப்படி நடந்துகொள்கிறது, எந்த நிலை?' என்று சூழலாகக் கேட்பார்கள்.

பொதுப் பிரிவினருக்குத் தேர்ச்சி 60 சதவீதம், அதாவது 90 மதிப்பெண். இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 2014இல் 5 சதவீதம் தளர்த்தி 82 ஆக்கினார்கள். இந்தச் சலுகையை அரசு ஆணை மூலம் மாற்றலாம் என்பதால், நீங்கள் எழுதும் ஆண்டின் அறிவிக்கையில் உங்கள் பிரிவுக்கு என்ன எண் போட்டிருக்கிறது என்று பாருங்கள்.

2012 ஜூலையில் நடந்த முதல் டெட் தேர்வில் கொடுத்த நேரம் ஒன்றரை மணிதான். ஆறரை லட்சம் பேருக்கு மேல் எழுதியும் தேறியவர்கள் 2,448 பேர். அதன் பிறகுதான் நேரத்தை இரட்டிப்பாக்கி, அதே ஆண்டு அக்டோபரில் மறுதேர்வு வைத்தார்கள். அப்புறம் 2013, 2017, 2019, 2022, 2025 என்று விட்டுவிட்டுத்தான் தேர்வு வந்திருக்கிறது. ஆண்டுக்கு ஒரு முறையாவது நடத்த வேண்டும் என்ற நெறிமுறை காகிதத்தில் இருக்கிறது. நடப்பு இதுதான் என்பதால், அறிவிக்கை வரும்போது 'அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம்' என்று விட்டுவிடாதீர்கள். தேறிய சான்றிதழ் முன்பு ஏழு ஆண்டுகள்தான் செல்லும். 2021இல் அதை வாழ்நாள் முழுவதும் செல்லும்படி மாற்றிவிட்டார்கள்.

9 முதல் 12 வரையிலான வகுப்புகளுக்கு டெட் கிடையாது. ஆனால் பட்டதாரி ஆசிரியர் 6 முதல் 8 வரையும் எடுப்பதால் அவருக்குத் தாள் 2 வேண்டும். முதுகலை ஆசிரியர் ஆக விரும்புகிறவர்கள் இந்தப் படியைத் தாண்டி அடுத்ததற்குப் போகலாம்.

படி 4: நியமனத் தேர்வு

முன்பு பிளஸ் டூ, பட்டம், பி.எட்., டெட் மதிப்பெண்களைச் சேர்த்து 'வெயிட்டேஜ்' போட்டு வேலை கொடுத்தார்கள். பிளஸ் டூவில் மதிப்பெண் தாராளமாக விழாத காலத்தில் படித்தவர்கள் இதில் பின்தங்கினார்கள். 2018 ஜூலையில் வந்த அரசாணை எண் 149 அந்த முறையை எடுத்துவிட்டு, டெட் தேறியவர்களுக்குத் தனியாகப் போட்டித் தேர்வு என்று சொன்னது. அந்த முறையில் பட்டதாரி ஆசிரியர்களுக்கு 2024 பிப்ரவரியிலும் இடைநிலை ஆசிரியர்களுக்கு அதே ஆண்டு ஜூலையிலும் தேர்வு நடந்தது. முதுகலை ஆசிரியர்களுக்கு 2025 அக்டோபரில், 1,996 இடங்களுக்கு.

எல்லாவற்றுக்கும் பொதுவாக முதலில் கட்டாயத் தமிழ் தகுதித் தாள் உண்டு. 30 கேள்விகள், 50 மதிப்பெண்கள், குறைந்தது 20 எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் உங்கள் முக்கியத் தாளைத் திருத்தவே மாட்டார்கள். 'நமக்குத் தமிழ் தெரியாதா' என்று அலட்சியமாகப் போகிறவர்கள் இலக்கணத்தில் தடுமாறுவார்கள். பத்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தை ஒரு வாரம் புரட்டினால் தீரும் விஷயம்.

முதுகலை ஆசிரியர் முக்கியத் தாளில் 150 கேள்விகளில் 110 பாடத்திலிருந்து, 30 கல்வி முறையியலிலிருந்து, 10 பொது அறிவிலிருந்து. பட்டதாரி ஆசிரியருக்கு 150ம் பாடம்தான்.

வயதைப் பற்றிக் கவலைப்படுகிறவர்களுக்கு: 2023இல் உச்ச வரம்பைப் பொதுப் பிரிவினருக்கு 53, மற்றவர்களுக்கு 58 என்று உயர்த்தினார்கள். ஓய்வு பெறும் வயது 60. குழந்தைகள் வளர்ந்த பிறகு எழுதும் பெண்கள் ஒதுங்கி நிற்க வேண்டியதில்லை.

படி 5: சான்றிதழ்கள்

மதிப்பெண் பட்டியல்கள், பட்டச் சான்றுகள், சமூகச் சான்றிதழ், நன்னடத்தைச் சான்று என்று வழக்கமானவை எல்லோருக்கும் தெரியும். மறந்துபோவது தமிழ் வழிச் சான்று. தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை உண்டு. ஆனால் ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ் வழியில் படித்ததைப் பள்ளிவாரியாகக் காட்ட வேண்டும். மூன்று ஊர்களில் படித்திருந்தால் மூன்று ஊர்களுக்கும் போக வேண்டியிருக்கும். பழைய தொடக்கப் பள்ளி மூடியிருந்தால் இன்னும் அலைச்சல். தேர்வு முடிவுக்காகக் காத்திருக்காமல் இப்போதே வாங்கி வையுங்கள்.

அரசு உதவி பெறும் பள்ளிகளில் நிர்வாகமே ஆளைத் தேர்ந்தெடுத்து, கல்வித் துறையின் ஒப்புதல் வாங்கும். கேந்திரிய வித்யாலயாவில் எட்டாம் வகுப்பு வரையிலான பணிகளுக்கு மத்திய அரசின் சி.டெட் எழுத வேண்டும்.

படி 6: தலைமையாசிரியரும் அதிகாரியும் ஆக

தலைமையாசிரியர் பணி பெரும்பாலும் பதவி உயர்வில்தான் வரும். இடைநிலை ஆசிரியர் தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியர் ஆகலாம்; மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் பணிக்கு முதுகலை ஆசிரியர்களும் உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர்களும் வருகிறார்கள்.

நேரடியாக அதிகாரி ஆகவும் வழி உண்டு. பட்டமும் பி.எட்.டும் இருந்தால் வட்டாரக் கல்வி அலுவலர் பணிக்கு டி.ஆர்.பி. தேர்வு எழுதலாம், 2023 செப்டம்பரில் 33 இடங்களுக்கு நடந்தது. முதுகலைப் பட்டமும் பி.எட்.டும் இருந்தால் மாவட்டக் கல்வி அலுவலர் பணிக்கு டி.என்.பி.எஸ்.சி.யின் குரூப் 1சி. இடங்கள் கைவிரலில் எண்ணும் அளவுக்குத்தான் இருக்கும். அதை மட்டும் நம்பி உட்கார வேண்டாம். ஆசிரியர் தேர்வுக்குப் படிப்பதோடு சேர்த்து எழுதுங்கள். முதன்மைக் கல்வி அலுவலர் பதவி உயர்வில் வருவது.

பதவி உயர்வை எதிர்பார்ப்பவர்கள் 2025 செப்டம்பர் 1ஆம் தேதி உச்ச நீதிமன்றம் சொன்னதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஓய்வுக்கு ஐந்து ஆண்டுகளுக்கு மேல் இருக்கும் பணியிலுள்ள ஆசிரியர்களும் இரண்டு ஆண்டுகளுக்குள் டெட் தேற வேண்டும் என்றது அந்தத் தீர்ப்பு. ஐந்து ஆண்டுகளுக்குள் ஓய்வு பெறுகிறவர்கள் டெட் இல்லாமல் பணியில் தொடரலாம், ஆனால் பதவி உயர்வு கிடையாது. சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இது பொருந்துமா என்பதைப் பெரிய அமர்வுக்கு அனுப்பியிருக்கிறார்கள். டெட் தேறிப் பணிக்கு வரும் உங்களுக்கு இந்தத் தலைவலி இல்லை.

உங்களுக்கு இருப்பது துறைத் தேர்வு. டி.என்.பி.எஸ்.சி. இதை மே, டிசம்பர் என்று ஆண்டுக்கு இரண்டு முறை நடத்துகிறது. கணக்கு, அலுவலக நடைமுறை என்று படிக்கச் சலிப்பாக இருக்கும். சில தாள்களுக்குப் புத்தகத்தை வைத்துக்கொண்டே எழுதலாம். பணியில் சேர்ந்த முதல் இரண்டு ஆண்டுகளிலேயே முடித்துவிடுங்கள். பதவி உயர்வுப் பட்டியலை ஜனவரி 1ஆம் தேதி நிலவரப்படி தயாரிப்பார்கள். பணிமூப்பு வந்த பிறகும் ஒரு தாள் பாக்கி இருந்தால், உங்களுக்குப் பின்னால் சேர்ந்தவர் உங்கள் பள்ளிக்கே தலைமையாசிரியராக வந்து சேரலாம்.