அமெரிக்கத் தனியார் உயர்நிலைப் பள்ளி: பிள்ளையின் கிரேடைக் கல்லூரி எப்படிப் பார்க்கிறது?

தமிழ்நாட்டில் பிளஸ் டூ முடித்தவர்களுக்குக் கட்-ஆஃப் கணக்கு தலைகீழ்ப் பாடம். கணிதத்துக்கு 100, இயற்பியலும் வேதியியலும் சேர்ந்து 100. எண் தெரிந்தால் கல்லூரியும் ஏறக்குறையத் தெரிந்துவிடும். அந்தப் பழக்கத்தோடு அமெரிக்காவில் பிள்ளையின் டிரான்ஸ்கிரிப்டை, அதாவது பாடங்களும் கிரேடுகளும் கொண்ட பதிவேட்டைத் திறந்தால் குழப்பம்தான் மிஞ்சும். தனியார் பள்ளி என்றால் இன்னும் மோசம், ஒவ்வொன்றுக்கும் ஓர் அளவுகோல். ஃபிலிப்ஸ் ஆண்டோவரில் உச்ச மதிப்பெண் 6. அதன் நெடுநாள் போட்டிப் பள்ளியான ஃபிலிப்ஸ் எக்ஸிடரில் 11. ஆகவே "3.6 நல்ல ஜி.பி.ஏ.தானா?" என்று கிரேடுகளின் சராசரிப் புள்ளியைப் பற்றிக் கேட்டால், எந்தப் பள்ளியில் என்றுதான் திருப்பிக் கேட்க வேண்டும்.

படி 1: ஸ்கூல் புரொஃபைலை வாங்குங்கள்

ஒவ்வொரு விண்ணப்பத்தோடும் பள்ளிக் கவுன்சலர் சில பக்க விவரக் குறிப்பு ஒன்றை அனுப்புகிறார். அதுதான் ஸ்கூல் புரொஃபைல். பெரும்பாலும் பள்ளியின் இணையதளத்திலேயே இருக்கும். இல்லையென்றால் கவுன்சலரிடம் கேளுங்கள். மதிப்பெண் அளவுகோல் என்ன, கடினமான பாடத்துக்குக் கூடுதல் புள்ளி உண்டா, ஏ.பி. பாடங்கள் (கல்லூரித் தரத்தில் நடத்தப்படுபவை) எத்தனை என்பதெல்லாம் அதில் இருக்கும். வாஷிங்டன் வட்டாரத்தில் சிட்வெல் ஃப்ரெண்ட்ஸ் உள்ளிட்ட எட்டுத் தனியார் பள்ளிகள் ஏ.பி. பாடங்களைக் கைவிடுவதாக 2018-இல் அறிவித்தன. பள்ளியில் இல்லாத பாடத்தை ஏன் எடுக்கவில்லை என்று கல்லூரி கேட்காது.

நீங்கள் முதலில் தேட வேண்டியது கிரேடுப் பரவல் அட்டவணை. எல்லாப் பள்ளியும் தருவதில்லை. தந்தால் அதுவே பொக்கிஷம். வேதியியலில் பாதிப் பேருக்கு மேல் ஏ என்று அது காட்டினால், உங்கள் பிள்ளையின் பி பிளஸ் வகுப்பின் கீழ்ப்பாதியில் இருக்கிறது. ஐந்தில் ஒருவருக்குத்தான் ஏ என்றால், அதே பி பிளஸுக்கு வேறு மதிப்பு. "நாங்கள் ரேங்க் போடுவதில்லை" என்று பள்ளி சொல்வதில் பெரிய நிம்மதி வேண்டாம். இந்த அட்டவணையை வைத்தே பிள்ளை எங்கே நிற்கிறான் என்று விண்ணப்பத்தைப் படிக்கும் கல்லூரி அலுவலர் ஊகித்துவிடுவார்.

படி 2: கல்லூரியின் கணக்கில் போட்டுப் பாருங்கள்

பல கல்லூரிகள் பள்ளி தரும் ஜி.பி.ஏ.வை அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. கலிபோர்னியா பல்கலைக்கழகம் தன் கணக்கை வெளிப்படையாகவே சொல்கிறது: 10, 11-ஆம் வகுப்புகளின் அங்கீகரிக்கப்பட்ட பாடங்கள் மட்டும், பிளஸ், மைனஸ் கிடையாது, ஏ-வுக்கு 4, பி-க்கு 3, ஏ.பி. போன்ற தகுதியான கடினப் பாடங்களுக்கு செமஸ்டருக்கு ஒரு புள்ளி கூடுதல், அதுவும் எட்டு செமஸ்டர் வரை மட்டும்.

20 செமஸ்டர் கிரேடுகளில் 12 ஏ மைனஸ், 8 பி பிளஸ் என்று வையுங்கள். ஏ மைனஸுக்கு 3.7, பி பிளஸுக்கு 3.3 போடும் பள்ளியில் இது 3.54. கலிபோர்னியா கணக்கில் 12 ஏ, 8 பி ஆகி 3.6. அவற்றில் ஆறு செமஸ்டர் ஏ.பி. என்றால் 78-ஐ 20-ஆல் வகுத்து 3.9. பிள்ளை அதே பிள்ளைதான்.

படி 3: பாடத்தின் கடினத்தைப் பாருங்கள்

பல கல்லூரிகளுக்கும் பொதுவான விண்ணப்பத் தளமான காமன் ஆப் வழியாகக் கவுன்சலர் அனுப்பும் அறிக்கையில், இந்த மாணவர் எடுத்த பாடங்கள் அந்தப் பள்ளியில் கிடைப்பவற்றோடு ஒப்பிட்டால் எவ்வளவு கடினமானவை என்று ஒரு கேள்வி உண்டு. எளிய பாடங்களில் எல்லாம் ஏ வாங்கிய மாணவருக்கு இங்கே சறுக்கும். அதற்காக எல்லா ஏ.பி.யையும் தலையில் கட்டி, பிள்ளையை நள்ளிரவு வரை உட்கார வைப்பதும் எனக்கு உடன்பாடில்லை. 11-ஆம் வகுப்புப் பாடங்களைத் தேர்வு செய்யும் முன்பே கவுன்சலரிடம், "இந்தப் பட்டியலை எந்த நிலையில் குறிப்பீர்கள்?" என்று கேட்டுவிடுங்கள்.

படி 4: எதிர்பார்ப்பைச் சரிபாருங்கள்

கல்லூரியின் பெயரோடு 'காமன் டேட்டா செட்' என்று சேர்த்துத் தேடுங்கள்; கல்லூரிகள் ஒரே வடிவில் வெளியிடும் புள்ளிவிவரத் தொகுப்பு அது. சி7 பகுதியில் பாடக் கடினம், ஜி.பி.ஏ., கட்டுரை, நுழைவுத் தேர்வு ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு முக்கியத்துவம் என்று கல்லூரியே குறித்திருக்கும். சி10-இல் "வகுப்பின் முதல் பத்து சதவீதம்" என்ற எண்ணைப் பார்த்து மலைப்பதற்கு முன், எத்தனை பேர் ரேங்க் சமர்ப்பித்தார்கள் என்ற கடைசி வரியையும் படியுங்கள். பல இடங்களில் அது சிறுபான்மைதான்.

பிறகு நாவியன்ஸ் அல்லது ஸ்காய்ர் தளத்தில் உங்கள் பள்ளியின் பழைய மாணவர்களுக்கு எங்கே இடம் கிடைத்தது என்ற புள்ளி வரைபடத்தைப் பாருங்கள். குறைந்த ஜி.பி.ஏ.வில் இடம் கிடைத்த ஒரு புள்ளியைக் கண்டு துள்ள வேண்டாம். அது விளையாட்டுக்காகச் சேர்க்கப்பட்டவராகவோ, பெற்றோர் அதே கல்லூரியில் படித்தவராகவோ இருக்கலாம். வரைபடம் அதைச் சொல்லாது. புள்ளிகள் அடர்த்தியாக இருக்கும் இடத்தைப் பாருங்கள். உங்கள் பிள்ளை அதற்குக் கீழே இருந்தால் அந்தக் கல்லூரியை எட்டாக்கனிப் பட்டியலில் வைத்து, நடுவில் இருப்பவற்றையும் எளிதில் கிடைப்பவற்றையும் கூடுதலாகச் சேருங்கள். தனியார் பள்ளிக்குக் கட்டிய ஃபீஸ் இந்தக் கணக்கில் வராது.

படி 5: 12-ஆம் வகுப்பில் தளர வேண்டாம்

அரையாண்டு கிரேடும் இறுதி டிரான்ஸ்கிரிப்டும் கல்லூரிக்குப் போகின்றன. இடம் கிடைத்த பின் டி அல்லது எஃப் வந்தால் அனுமதி ரத்தாகவும் கூடும். அப்படி ஒரு கிரேடு வரும் என்று தெரிந்தால், கல்லூரி கடிதம் அனுப்பும்வரை காத்திராமல் பிள்ளையே அட்மிஷன் அலுவலகத்துக்கு எழுதிக் காரணத்தைச் சொல்லட்டும்.