மங்கா தொகுதியைப் படித்ததும் குறிப்பெழுதும் முறை

மங்கா எனப்படும் ஜப்பானியப் படக்கதையின் ஒரு தொகுதியைப் படித்து முடித்த அன்றே, கதைச் சுருக்கத்தை ஒதுக்கிவிட்டு, மனத்தில் தங்கிய ஒரே ஒரு பக்கத்தை மீண்டும் திறந்து, வலமிருந்து இடமாகச் சென்ற கண் எந்தக் கட்டத்தில் நின்றது, ஏன் நின்றது என்று எழுதத் தொடங்குங்கள். வசனமே இல்லாத அகலமான கட்டம், மழையைக் காட்டும் மெல்லிய கோடுகள், தாளைப் புரட்டியதும் எதிர்ப்படும் முகம் ஆகியவற்றில்தான் ஓவியரின் உழைப்பு தெரிகிறது. கதைத் திருப்பங்களைவிட இவையே என் நினைவில் நெடுநாள் நிற்கின்றன. பெரும்பாலான தொகுதிகள் இதழ்களில் தொடராக வந்த அத்தியாயங்களின் திரட்டு என்பதால், அத்தியாயந்தோறும் இறுதியில் வரும் பரபரப்பைக் குறையாகக் கருத வேண்டாம். தொகுதி எண்ணைத் தவறாமல் குறியுங்கள். ஒரு தொகுதி பிடிக்கவில்லையென்றால், எந்தப் பக்கத்தில் ஆர்வம் தளர்ந்தது என்பதையும் எழுதுங்கள்.